லம்பானியாரும் சோற்றுக் கிடாரமும்

எனக்கு எழுத்து அவ்வளவு ஓடாது. திரியாய் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத உட்கார்ந்தால் சொல்ல வந்தது ஒரு பக்கம் போகும், கை வேறு பக்கம் போகும். மறதியும் வந்துவிட்டது. எந்த வருடம், எந்த மாதம் என்று கேட்டால் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பத்திரிகையில் எத்தனையோ பேரைப் பற்றி எழுதுகிறார்கள், லம்பானியாரைப் பற்றி மட்டும் ஒருவரும் எழுதவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் எல்லாரும் அவரைத் தூரத்தில் கண்டாலே தெரு மாறி நடந்தவர்கள். அதனால்தான் நான் எழுத வேண்டியதாயிற்று.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 'கை கொடுத்தல்' என்பதைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு இந்த இலங்கையில் வேறு ஒருவருக்கும் தெரியாது. கை கொடுக்காத மனிதரும் திருகோணமலையில் அவரைப் போல் இன்னொருவர் இருந்ததில்லை.

ஒருநாள் எங்கள் கிணற்றடியில் பாசி வழுக்கி ஒருவர் மல்லாக்காக விழுந்துவிட்டார். லம்பானியார் பக்கத்தில்தான் பல் விளக்கிக்கொண்டு நின்றார். குனிந்து பார்த்தார். பிறகு வீட்டுப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்:

"ஆரும் இவரைத் தூக்க வாறதெண்டால் ஒராள் தலைமாட்டிலை நில்லுங்கோ, மற்றாள் நேர் எதிர்ப்பக்கம் நில்லுங்கோ. ஒரே பக்கம் நிண்டு தூக்க வேண்டாம். அது வேறை வினை."

விழுந்தவர் கேட்டாராம்: "ஐயா, நீங்கள் ஒரு கை தாங்கோவன்?"

"நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்," என்றார் லம்பானியார், மிகவும் அன்பாக.

எங்கள் வீடு என்று சொன்னேன் அல்லவா, அது என் வீடு அல்ல. உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நின்ற பழைய மாடிவீடு. துறைமுகத்தில் வேலை செய்கிற ஆண்கள் அங்கே தங்கிச் சாப்பிடுவார்கள். நடத்தியவர் ஒரு வேதக்கார, அதாவது கிறிஸ்தவ அம்மா. எல்லாரும் மிஸ்ஸி என்போம். நான் அங்கே குசினியில் சமையலுக்கு இருந்தேன். கல்யாணம் முடித்த வருடமே என் மனிதர் கடலுக்குப் போனவர், வள்ளமும் வரவில்லை, அவரும் வரவில்லை. குசினிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை எனக்குப் படுக்க. அந்த இடம் போனால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது. எனக்குப் பேச்சும் வராது. மேசைக்குச் சோறு கொண்டுபோய் வைத்தால் முகம் பார்க்காமல் திரும்பி வந்துவிடுவேன். சில பேர் என்னை ஊமை என்றே நினைத்திருந்தார்கள்.

அந்தக் குசினியில் நின்றால் கடல் தெரியாது. ஆனால் மத்தியானத்தில் கடலில் பட்ட வெயில் எப்படியோ மதிலைத் தாண்டி வந்து கூரைக்குக் கீழே அலை அலையாக அசையும். கப்பல் ஒன்று உள்ளே வந்தால் அந்த வெளிச்சம் ஒருதரம் குலைந்து, பிறகு மெல்ல மெல்லச் சேரும். கோட்டைப் பக்கத்திலிருந்து மான்கள் இறங்கி வந்து வேலியோரத்தில் பூசணித் தோல் தின்னும். அடுப்புப் புகையும், அந்த ஒளியும், மானின் காதும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, நான் விழித்திருக்கிறேனா கனவிலா என்று எனக்கே தெரியாத மத்தியானங்கள் அவை. அப்படி ஒரு மத்தியானத்தில்தான் லம்பானியார் கையில் புத்தகத்தோடு குசினி வாசலில் வந்து நின்றார்.

வெள்ளைக்கார நேவி இருந்த காலத்தில் டொக்யாட்டில் கிளாக்கராக இருந்தவர் அவர். கப்பல் பாதிரியார் ஒருவர் பொழுது போகாமல் அவருக்குக் கிரேக்கப் பாஷை படிப்பித்தாராம். நேவி போகிறபோது கிரேக்க வேதப்புத்தகம் ஒன்றையும், தலையணைத் தடிப்பில் ஓர் அகராதியையும் கொடுத்துவிட்டுப் போனாராம். நேவி போனது, உத்தியோகம் போனது, புத்தகம் மட்டும் நின்றது. ஒரு புத்தகம் முழுக்க எத்தனை ஆயிரம் சொல் இருக்கும்? அவர் பிடித்துக்கொண்டது ஒரே ஒரு சொல்லை. அந்த ஒரு சொல்லைப் பற்றி ஒரு புத்தகம் எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டு மேல்மாடி அறையில் இருந்தார்.

வாசலில் நின்று கேட்டார்:

"பிள்ளை, உங்களிட்டை ஒரு கேள்வி. ஒரு வீட்டுக்குப் பெரிய விருந்தாளி வந்திருக்கிறார். தமக்கை குசினியிலை நிண்டு முறியிறா. தங்கச்சி விருந்தாளியின்ரை காலடியிலை இருந்து கதை கேக்கிறா. தமக்கை வந்து என்ன சொல்லுவா?"

நான் கறியைக் கிளறிக்கொண்டே சொன்னேன்: "எழும்பி வாடி எண்டுவா."

"தங்கச்சிக்குச் சொல்லேல்லைப் பிள்ளை. விருந்தாளிக்குச் சொல்லுறா. இவளை வந்து எனக்குக் கை குடுக்கச் சொல்லுங்கோ எண்டு."

"அதுவும் சரிதான். பிறத்தியார் சொன்னாத்தான் கேப்பாளவை."

மனிதருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அந்தக் 'கை குடுக்க' என்ற இடத்தில் வருகிறதுதான் தன்னுடைய சொல் என்றார். மூச்சை இழுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "சுனந்தி-லம்பானொமாய்."

இந்தச் சொல்லின் வாலைப் பிடித்துத்தான் துறைமுகப் பொடியன்கள் அவருக்கு லம்பானியார் என்று பேர் வைத்தார்கள். அவருடைய சொந்தப் பேர் எனக்கு மறந்துவிட்டது. தெரிந்திருந்ததா என்பதும் சந்தேகம்.

"மூண்டு துண்டு பிள்ளை. 'சுன்' எண்டால் கூட. 'அந்தி' எண்டால்..."

"பின்னேரமோ ஐயா?"

"உங்கடை அந்தி இல்லை. அந்தி எண்டால் எதிர்ப்பக்கம். 'லம்பானொமாய்' எண்டால் பிடிக்கிறது. மூண்டையும் சேருங்கோ. கூட நிண்டு, எதிர்ப்பக்கமாய்ப் பிடிச்சு, பாரத்தை எடுக்கிறது. சும்மா உதவி எண்டு தமிழிலை சொன்னால் இது வராது. காசு குடுத்தாலும் உதவி, வழி சொன்னாலும் உதவி. இது அப்பிடி இல்லை. மற்றப் பக்கத்தைப் பிடிக்கிறது."

அந்தச் சொல்லுக்கு ஒரு சுபாவம் உண்டு என்றார். தான் செய்கிற மாதிரியும் இல்லை, தனக்குச் செய்யப்படுகிற மாதிரியும் இல்லை. இரண்டுக்கும் நடுவிலே ஒரு மாதிரி. பிடிக்கிறவரும் பாரத்துக்குள்ளே போய்விடுகிறார் என்றார். அவருடைய வேதப்புத்தகத்திலே அது இரண்டே இடத்தில்தான் வருகிறதாம். ஒன்று, அந்தத் தமக்கை மார்த்தாளின் குசினியிலே. மற்றது, செபிக்க நின்று வாய் வராமல் தவிக்கிற மனிதனுக்குத் தேவ ஆவி வந்து கை கொடுக்கிற இடத்திலே. அந்த இரண்டாவதைச் சொன்னபோது நான் கரண்டியை நிறுத்தினேன். வாய் வராமல் நிற்கிறதென்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

"குசினியிலை வாறது 'லாபேத்தாய்'. பிடிக்கட்டும் எண்ட கேள்வி மட்டும். இன்னும் பிடிக்கேல்லை. ஆவிக்கு வாறது 'லம்பானெத்தாய்'. பிடிச்சுக்கொண்டே நிக்கிறது. வித்தியாசம் விளங்குதோ?"

"மார்த்தாளுக்குத் தங்கச்சி கடைசியிலை வந்து பிடிச்சவவோ ஐயா?"

"அது எழுதியில்லை."

"அப்ப கறி?"

லம்பானியார் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "அதுவும் எழுதியில்லை," என்றார்.

பாவம், அந்தப் பெண் கறியை என்ன செய்தாளோ என்று எனக்குக் கனநாள் யோசனை. இந்தக் கதை நடக்கிறபோதே சோறு பதமாகிவிட்டது. நான் சோற்றுக் கிடாரத்தின், அந்தப் பெரிய பானையின், இரண்டு காதிலும் சீலையைச் சுற்றித் தனியாக இறக்கினேன். லம்பானியார் கஞ்சி தெறிக்காதபடி காலைத் தூக்கி, மரியாதையாக ஒதுங்கி வழி விட்டார்.

அதற்குப் பிறகு அவர் ஊர் முழுக்கத் தன் சொல்லைத் தேடித் திரிந்தார். எங்கே இரண்டு பேர் ஒரு பாரத்தைத் தூக்கினாலும் அங்கே நிற்பார். புத்தகத்தில் எழுதுவதற்குச் சரியான ஒரு தூக்குதல் வேண்டுமாம். ஒன்றும் அவருக்குப் பிடிபடவில்லை.

மிஸ்ஸி ஒரு அலுமாரி வாங்கினார். கிண்ணியாவிலிருந்து எங்களுக்கு விறகு கொண்டுவருகிற, நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிற முஸ்லிம் மனிதரும் அவருடைய மச்சானும் அதை மாடிக்கு ஏற்றினார்கள். பாதிப் படியில் ஏறுகிறபோது மேலேயிருந்து ஒரு சத்தம்:

"நில்லுங்கோ! அசைய வேண்டாம்!"

பாம்பு என்று நினைத்து இரண்டு பேரும் கல்லாக நின்றுவிட்டார்கள். லம்பானியார் ஒரு கதிரையைக் கொண்டுவந்து படித்தலைப்பில் போட்டு உட்கார்ந்தார்.

"காக்கா, நீங்கள் கீழை நிக்கிறீங்கள். மச்சான் மேலை நிக்கிறார். அவற்றை முகம் உங்களுக்குத் தெரியுதோ?"

"எனக்கு அலுமாரிதான் தெரியிது ஐயா."

"பாத்தீங்களோ, அதுதான் பிழை. ஆளின்ரை முகம் தெரியோணும்."

"முகம் தெரிய வேணுமெண்டா மிஸ்ஸி கண்ணாடி போட்ட அலுமாரியெல்லோ வாங்கியிருக்கோணும்."

லம்பானியார் சிரிக்கவில்லை. சொல்லின் மூன்று துண்டையும் விளக்கினார். நிகழ்காலம் சொன்னார், எதிர்காலம் சொன்னார். காக்காவின் கழுத்து நரம்பு கயிறு மாதிரிப் புடைத்துக்கொண்டு வந்தது.

"படைச்சவனே! ஐயா, இந்தக் கதை முடியுமட்டும் நாங்க இதைப் பிடிச்சிட்டு நிக்கிறதா?"

"கொஞ்சம் பொறுங்கோ. இறந்தகாலம் இன்னும் சொல்லேல்லை."

"இன்னும் கொஞ்சம் நிண்டா நாங்கதான் ஐயா இறந்தகாலம்!"

பிறகு ஒரு செத்தவீட்டில், பிரேதத்தைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு முன்னால் போய் நின்று, "எல்லாரும் ஒரே பக்கம் பாத்து நடக்கிறியள். இதிலை 'சுன்' இருக்குது, 'அந்தி' இல்லை," என்றாராம். செத்தவரின் மைத்துனர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துரத்திக் கலைத்ததில் லம்பானியாரின் ஒரு செருப்பு இன்றுவரை கிடைக்கவில்லை.

சல்லி என்ற ஊர்க் கடற்கரையில் நடந்ததுதான் எல்லாவற்றிலும் பெரிய கூத்து. கரைவலை இழுப்பதைப் பார்க்க அவர் சைக்கிளில் போனார். கரைவலை என்றால் உங்களுக்குத் தெரியும். வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு கயிற்றுத் தலைப்பையும் இரண்டு கூட்டமாகப் பிடித்துக் கரையிலிருந்து இழுப்பார்கள். தூரத் தூர நிற்கிற இரண்டு கூட்டமும் இழுக்க இழுக்க நெருங்கி வரும். லம்பானியார் ஈர மணலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தன்னை மறந்தால் தன் வினையின் காலங்களை வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் அவருக்கு. "லம்பானோ... லெம்ப்சொமாய்... எலாபொன்... ஐலேபா..." பிடிக்கிறேன், பிடிப்பேன், பிடித்தேன், பிடித்து வைத்திருக்கிறேன், இவ்வளவுதான் அதன் அர்த்தம். அன்றைக்கு வலை நிறையச் சூடை மீன்.

வலைக்குச் சொந்தக்காரச் சம்மாட்டியார் அதை மந்திரம் என்று முடிவுகட்டிவிட்டார். அடுத்த நாளே ஆள் வந்தது. "ஐயாவை வரட்டாம். வந்து உந்த மந்திரத்தைச் சொல்லட்டாம்." பிறகு இழுக்கிறவர்களே அதைப் பாடமாக்கிக்கொண்டார்கள். ஒருவர் "லம்பானோ" என்று எடுத்துக் கொடுக்க, கயிற்றில் நிற்கிறவர்கள் எல்லாரும் "ஏலேலோ" என்பார்களாம். "லெம்ப்சொமாய்" - "ஏலேலோ". "எலாபொன்" வருகிறபோது வலையின் மடி கரை தொட வேண்டும்.

ஒருநாள் வலை வெறுமையாக வந்துவிட்டது. சம்மாட்டியாரே எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்.

"ஐயா, பொடியங்கள் நேற்று ஏதோ ஒண்டை விட்டுப்போட்டாங்கள்."

"என்னெண்டு சொன்னவங்கள்?"

"லம்பானோ சொன்னவங்கள், எலாபொன் சொன்னவங்கள்."

"எதிர்காலத்தை விட்டுப்போட்டாங்கள்," என்றார் லம்பானியார்.

"அதுதானே பாத்தன்! எதிர்காலம் இல்லாட்டி மீன் எங்காலை வாறது?" என்று சம்மாட்டியார் தலையில் அடித்துக்கொண்டார். லம்பானியார் அப்போதே சைக்கிளை எடுத்துக்கொண்டு எதிர்காலத்தைச் சரிக்கட்டப் போனார். மந்திரம் அல்ல என்று சொல்ல ஏன் மனம் வரவில்லை என்று பிறகு கேட்டேன். "அவங்கள் சரியான இடத்திலை சரியான காலத்தைச் சொல்லுறாங்கள் பிள்ளை. டொக்யாட் வேதக்கோயிலிலை இருந்த ஆக்கள் அவ்வளவுகூடச் செய்யேல்லை," என்றார்.

இப்போது என் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரு மாரிக்காலத்தில் நானும் அதே கிணற்றடியில் விழுந்தேன். வலது தோளில் ஏதோ விலகியது. எண்ணெய் போட்டு, சீலையால் கட்டி, மேலே சட்டையைப் போட்டு மறைத்துக்கொண்டேன். கறி அரைக்கலாம், தேங்காய் திருவலாம். கையைத் தோளுக்கு மேலே கொண்டுபோகவும் ஏலாது, பாரம் பிடிக்கவும் ஏலாது. மிஸ்ஸி கெட்டவர் அல்ல. ஆனால் கொஞ்ச நாளாக ஒரு பேச்சு இருந்தது: இத்தனை ஆண்களுக்குச் சமைக்க ஒரு பெண்ணால் முடியுமா, யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கோக்கியைக் கூப்பிட்டால் என்ன என்று. கோக்கி என்றால் ஆண் சமையல்காரர். அவர் வந்தால் அந்தச் சின்ன அறையும் அவருக்குத்தான். கை ஏலாதது தெரிந்தால் அவ்வளவும் ஒரே நாளில் முடிந்துவிடும்.

முதல் நாள் சோறு பொங்கிவிட்டது. கிடாரத்தை இறக்கி, முற்றம் தாண்டி, கிணற்றடிக் கல்லில் வைத்துக் கஞ்சி வடிக்க வேண்டும். பிந்தினால் சோறு குழைந்து களியாகிவிடும். சீலையைச் சுற்றிப் பிடித்தேன். இடது கை பிடித்தது, வலது கை வரவே இல்லை. கூரையில் கடல் வெளிச்சம் அசைந்துகொண்டிருந்தது. மணக்கிற ஆவிக்குள்ளே நான் நின்றேன். பக்கத்து அறையில் மேசையைத் தட்டுகிற சத்தம்.

வாசலில் லம்பானியார். கையில் புத்தகம்.

"பிள்ளை, மார்த்தாள் கேக்கிற 'லாபேத்தாய்' இருக்குதல்லோ, அதிலை எனக்குப் புதிசாய் ஒரு..."

என் வாழ்க்கையில் நான் சத்தம் போட்டது அந்த ஒரு தரம்தான்.

"ஐயா! உந்தப் புத்தகத்தை வையுங்கோ! மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ!"

இரண்டு பேரும் பயந்துபோனோம். யார் கூடப் பயந்தது என்று தெரியாது. அவர் சுற்றுமுற்றும் பார்த்து, புத்தகத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் தேங்காய்ப் பாதிகளின் மேல் வைத்தார். வந்து எனக்கு எதிரே நின்று கிடாரத்தின் மற்றக் காதைப் பிடித்தார். சீலை சுற்றாமல் பிடித்தார். "ஆ!" என்று விட்டார். நான் என் முந்தானைத் தலைப்பைக் கிழித்துக் கொடுத்தேன். திரும்பப் பிடித்தார். தூக்கினோம்.

தூக்கினால் மட்டும் போதுமா? அவர் முன்னுக்கு நடந்தார், நானும் முன்னுக்கு நடந்தேன். கிடாரம் நகராமல் இரண்டு பேருக்கும் நடுவில் ஆடியது. ஊர் முழுக்கத் தூக்குதலைப் பார்த்த மனிதருக்கு இது தெரியாது: எதிர் எதிராகப் பிடித்தால் ஒருவர் பின்னுக்குத்தான் நடக்க வேண்டும்.

"ஆர் பின்னுக்குப் போறது?" என்றார்.

"என்ரை காலுக்கு வழி பழக்கம் ஐயா, நான் போறன்."

"இல்லை. கை ஏலாத ஆள் கண் தெரிய நடக்கோணும். நான் போறன். நீங்கள் வழி சொல்லுங்கோ."

பிறகு பாருங்கள், பேச்சு வராத நான் பேச வேண்டியதாயிற்று. பேசாவிட்டால் அவர் விழுவார். "ஐயா, படியிருக்கு. இன்னுமொரு படி. இடப்பக்கம் முருங்கை வேர். மெல்ல... மெல்ல... கல்லு." அவர் ஒருதரமும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆவிக்கு மேலால் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, குழந்தை நடை பழகுகிற மாதிரிப் பின்னுக்கு நடந்தார். வாயில் கிரேக்கமும் இல்லை, தமிழும் இல்லை.

கஞ்சி வடித்து முடிந்த பிறகுதான் கேட்டார்: "கைக்கு என்ன?"

"ஒண்டுமில்லை ஐயா."

"மிஸ்ஸிக்குத் தெரியுமோ?"

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அதில் ஒட்டியிருந்த தேங்காய்ப்பூவைத் தட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். அடுத்த நாள் சோறு பொங்குகிற நேரத்துக்கு வந்தார். கையில் புத்தகம் இல்லை. கட்டில் விரிப்பில் கிழித்த இரண்டு துண்டுச் சீலை இருந்தது.

எத்தனை நாள் மறைக்கலாம்? வருடப்பிறப்பு விருந்து வந்தது. மிஸ்ஸி கூப்பிட்ட கோக்கியும் வந்து இறங்கிவிட்டார். மீசை வைத்த பெரிய ஆள். விறாந்தையில் மிஸ்ஸிக்குப் பக்கத்தில் கதிரை போட்டுக் குசினியை நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார். விருந்துக் கிடாரம் மற்ற நாளைவிடப் பெரியது. ஊரே பார்க்க நாங்கள் இரண்டு பேரும் அதைப் பிடித்துக்கொண்டு வாசலால் வெளியே வந்தோம். லம்பானியார் பின்னுக்கு நடக்க, நான் முன்னுக்கு நடந்தேன்.

மிஸ்ஸி எழும்பிவிட்டார். "உதென்ன இது? ஐயா ஏன் கிடாரம் தூக்கிறார்? அவளுக்குக் கையிலை ஏதுமோ?"

எனக்குக் காலடியில் முற்றம் கடல் மாதிரி அசைந்தது. லம்பானியார் நின்றார். என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, கோயிலில் பிரசங்கம் பண்ணுகிற குரலில் சொன்னார்:

"ஆராய்ச்சி நடக்குது மிஸ்ஸி. குழப்ப வேண்டாம்."

"என்ன ஆராய்ச்சி?"

"சுனந்திலம்பானெத்தாய்! இவ்வளவு நாளும் ஊரெல்லாம் தேடினன், உங்கடை குசினியிலை கிடைச்சிருக்குது. இவ தனியத்தான் தூக்கிறவ. நான்தான் விடாமல் பிடிக்கிறன். புத்தகம் முடியுமட்டும் ஒவ்வொரு நாளும் பிடிக்கோணும்."

விறாந்தை முழுக்கச் சிரிப்பு. விறகுக் காக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "பாவம் அந்தப் புள்ள! அலுமாரி எங்களோட போச்சு, கிடாரம் இவட தலையில!" கோக்கி மிஸ்ஸியிடம் மெல்லக் கேட்டது எனக்கும் கேட்டது: "உந்த ஐயா எந்த நாளும் குசினிக்கு வருவாரோ?"

"வராமல்? விசர் இப்ப முத்திப்போச்சு," என்றார் மிஸ்ஸி.

கோக்கி அன்று பின்னேர ரயிலிலேயே ஏறிவிட்டார்.

அதற்குப் பிறகு லம்பானியாரைக் கேலி செய்யாத ஆள் துறைமுகத்தில் இல்லை. "என்ன லம்பானியார், சோறு வெந்திட்டுதோ?" "புத்தகம் முடிஞ்சுதோ, கஞ்சி முடிஞ்சுதோ?" எல்லாவற்றுக்கும் அவர் சொல்வது ஒன்றுதான்: "ஆராய்ச்சி முடியேல்லை." சல்லிக்குப் போவதையும் சோறு வேகிற நேரத்துக்கு முன்னே முடித்துக்கொண்டு வந்துவிடுவார். என் கை பிறகு நேராகவே இல்லை. மாரி போனது, வெயில் வந்தது, பழைய கப்பல்கள் போய்ப் புதுக் கப்பல்கள் வந்தன. கூரையில் அந்த வெளிச்சம் குலைந்து குலைந்து சேர்ந்தது. நாங்கள் கிடாரத்தைத் தூக்கினோமா, கிடாரம் எங்களைத் தூக்கிக்கொண்டு போனதா என்று சில நேரம் தெரியாது. அவர் புத்தகம் எழுதவில்லை. எழுதுவதற்கு உட்கார்ந்ததையும் நான் காணவில்லை.

ஒருநாள் கேட்டேன்: "ஐயா, உங்களைப் பாத்து எல்லாரும் சிரிக்கினம். மிஸ்ஸிட்டை உண்மையைச் சொல்லிவிடட்டோ?"

"சொல்லலாம். பிறகு நான் மத்தியானத்திலை எங்கை போறது?" என்றார்.

லம்பானியார் செத்தது ஒரு காலையில். கதிரையில் இருந்தபடியே. மேல்மாடியிலிருந்து ஒடுக்கமான படிக்கட்டு வழியாகப் பெட்டியை இறக்க வேண்டும். அலுமாரி ஏறிய அதே படி. முன்பக்கம் விறகுக் காக்கா பிடித்தார். அந்தப் படியில் முன்னால் போகிறவர் பின்னுக்குத்தான் இறங்க வேண்டும். நான் கீழே, பெண்களுக்குள்ளே கடைசியில் நின்றேன். காக்காவின் கால் விறாந்தை விளிம்புக்கு வந்ததைக் கண்டேன். அங்கே, கிடாரத்தோடு நாங்கள் போகிற அதே முற்றத்துக்கு இறங்க, ஒரு படி இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் தடக்குகிற படி.

"படியிருக்கு," என்றேன்.

சத்தமாகத்தான் வந்துவிட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை. "இன்னுமொரு படி. இடப்பக்கம் முருங்கை வேர். மெல்ல... மெல்ல..." வாசல் கேற்று வரை சொல்லிக்கொண்டே போனேன். மிஸ்ஸி அப்போதுதான் என் தோளைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அடுத்த நாளிலிருந்து மத்தியானத்தில் சோறு இறக்குகிற நேரத்துக்குக் குசினிக்கு வரத் தொடங்கினார்.

அடக்கம் பண்ணச் சவக்காலைக்கு நான் போகவில்லை. பின்னேரம் காக்கா வந்து விறகுக் கட்டையில் உட்கார்ந்து சொன்னார்:

"சல்லிச் சம்மாட்டியார்ட ஆக்கள்தான் புள்ள கயிறு பிடிச்ச. குழிக்கு இந்தப் பக்கம் பாதிப் பேர், அந்தப் பக்கம் பாதிப் பேர். முகத்துக்கு முகம் பாத்துத்தான் இறக்கினாங்க. ஆரோ ஒருத்தன் மெல்ல லம்பானோ எண்டான். ஒருத்தரும் ஏலேலோ சொல்லல்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஐயா இருந்திருந்தா, நில்லுங்கோ, அசைய வேண்டாம் எண்டு கத்தி, கதிரை போட்டு இருந்திருப்பார்."

இவ்வளவுதான் எனக்கு ஞாபகம் இருப்பது. கிரேக்கம் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தச் சொல்லை நான் சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்த்துத் திருத்திவிடுங்கள். காதால் கேட்டது மட்டும்தான் எனக்குத் தெரியும். லாபேத்தாய் எங்கே, லம்பானெத்தாய் எங்கே என்று மாறியிருக்கலாம். நேவி போனதும் கோக்கி வந்ததும் எந்த எந்த வருடம் என்று அந்தத் தெருவில் இருந்தவர்கள் சொன்னால் நல்லது. மார்த்தாளின் கறி என்ன ஆனதென்று எங்காவது எழுதியிருந்தால் அதையும் எனக்கு அறிவியுங்கள்.

மற்றப் பக்கத்தை அவர் பிடித்தாரா என்பதை மட்டும் யாரும் சரிபார்க்க வேண்டாம். இந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.